கொலஸ்ட்ரால்: கொழுப்பு என்று எழுதலாமா?

மருத்துவமனை ஒன்றின் காத்திருப்புக் கூடத்தில் கிடைத்த துண்டறிக்கையில், இதய நலத்துக்கான அறிவுரைகளுள் மூன்றாவதாக, ‘கொழுப்பு இல்லாத சமையல் எண்ணெயையே பயன்படுத்தவும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். எண்ணெய் என்பதே கொழுப்புதான். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, நூறு கிராம் எடுத்தால் ஏறத்தாழ நூறு கிராமும் கொழுப்பே. மூலத்தில் ‘கொலஸ்ட்ரால் இல்லாத’ என்று இருந்திருக்கும். மொழிபெயர்த்தவர் கைப்பழக்கத்தில் ‘கொழுப்பு’ என்று போட்டுவிட்டார். விளம்பரங்களிலும் நலவாழ்வுப் பகுதிகளிலும் இதே பிழையை எத்தனையோ முறை பார்த்துப் பொறுத்திருந்தாலும், நோயாளியின் கையில் கொடுக்கும் தாளிலும் அது ஏறிய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் ‘கோலே’ என்றால் பித்தநீர், ‘ஸ்டீரியோஸ்’ என்றால் திண்மம். பித்தப்பைக் கற்களில்தான் இப்பொருளை முதலில் கண்டார்கள். 1815-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் அதற்குக் ‘கொலஸ்டரின்’ என்று பெயரிட்டார். அது ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது என்பது 1859-இல் தெரியவந்ததும், பெயரின் கடைசியில் ‘ஆல்’ ஒட்டிக்கொண்டது. ஆக, பெயரில் பித்தம் இருக்கிறது, திண்மம் இருக்கிறது. கொழுப்பு எங்கும் இல்லை.

‘கொழுப்பு’ நம் பழைய சொல். கொழு என்னும் வேரிலிருந்து வந்தது. சங்கப் பாட்டிலேயே கொழுத்த இறைச்சித் துண்டுக்குக் கொழுங்குறை என்று பெயர். (திமிருக்கும் அதே சொல்லை வைத்திருக்கிறோம் என்பது தனிக்கதை.) உணவில் இருந்து ஆற்றல் தருவது, உடலில் சேர்ந்து பருமன் தருவது, கிராமுக்கு 9 கலோரி கொண்டது: இதுதான் கொழுப்பு. கொலஸ்ட்ராலை உடல் எரித்து ஆற்றலாக்கிக்கொள்ள முடியாது. அது மெழுகு போன்ற பொருள். நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவின் உறையிலும் இருக்கிறது. அதில் பெரும்பங்கை உடலே செய்துகொள்கிறது. தாவரங்களில் அது இல்லை என்றே சொல்லலாம். ஆகவே கடலை எண்ணெய்ப் பொட்டலத்தில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று அச்சிடுவது, வாழைப்பழத்தில் எலும்பு இல்லை என்று பெருமையடிப்பதைப் போன்றது. அதையும் ‘கொழுப்பு இல்லை’ என்று தமிழாக்கிவிட்டால் பெருமை பொய்யாகிவிடுகிறது.

இந்தப் பொய்க்கு விலை உண்டு. இரத்தப் பரிசோதனையில் அளவு கூடிவிட்டதென்று என் மைத்துனன் எண்ணெயை மாற்றினான். மாற்றிய வாரமே அவன் வீட்டில் வடை சுட்டார்கள். கேட்டதற்கு, “இதில் கொழுப்பே கிடையாதாம் அத்தான், எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாமாம்” என்றான். தேங்காய் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு, குளிரில் எளிதில் உறையும் வகையான நிறைவுற்ற கொழுப்பு. இரத்தக் கொலஸ்ட்ராலை உயர்த்துவதில், உண்ணும் கொலஸ்ட்ராலைவிட இந்த நிறைவுற்ற கொழுப்புக்கும், எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகி வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்குமே பெரும்பாலோரிடம் பங்கு அதிகம். டிரான்ஸ் கொழுப்பை எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் 2 விழுக்காட்டுக்குள் அடக்க வேண்டுமென 2022 முதல் இந்தியாவில் விதியே இருக்கிறது. இரண்டு பொருளுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு, ஒன்று மற்றொன்றை உயர்த்துகிறது என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘கொழுப்பு கொழுப்பைக் கூட்டும்’ என்றா?

‘இரத்தக் கொழுப்பு’ என்று திருத்திக்கொள்ளலாமே என்பார்கள். இரத்தத்தில் உண்மையான கொழுப்பு வேறு ஓடுகிறதே! அதுதான் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் கொலஸ்ட்ராலுக்கு அடுத்த வரியில் இருக்கும் டிரைகிளிசரைடு. அது கூடியவர் முதலில் குறைக்க வேண்டியவை சர்க்கரை, மைதா, மது. ‘உங்களுக்கு இரத்தக் கொழுப்பு’ என்று கேட்டு வருபவரோ முட்டையின் மஞ்சள் கருவைக் காக்கைக்கு வைத்துவிட்டு, மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டு, மேலே ஒரு ஜிலேபியும் தின்கிறார்.

‘கெட்ட கொழுப்பு’, ‘நல்ல கொழுப்பு’ என்பவை இன்னும் மோசம். முறையே இப்பெயர்களால் குறிக்கப்படும் எல்.டி.எல்., எச்.டி.எல். ஆகியவை இரத்தத்தில் ஓடும், கொழுப்பும் புரதமும் சேர்ந்த துகள்கள்; கொலஸ்ட்ராலை ஏற்றிச்செல்லும் வண்டிகள். முன்னது கல்லீரலிலிருந்து வந்து உடலெங்கும் இறக்குகிறது, அளவு மிஞ்சினால் தமனிச் சுவரில் படிகிறது. பின்னது திரும்ப அள்ளிவருகிறது. சரக்கு ஒன்றே, வண்டிதான் வேறு. சரக்கில் நல்லது கெட்டது பார்ப்பவர், வண்டி என்ற ஒன்று இருப்பதையே மறைத்துவிடுகிறார்.

அப்படியானால் தமிழில் எது? வேர்ப்பொருளைப் பிடித்து ‘பித்தக்கொழுப்பு’ என்று நானே ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அதிலும் கொழுப்பு ஒளிந்திருப்பதை ஒரு நண்பர் காட்டியதும் கைவிட்டேன். ‘பித்தமெழுகு’ என்பது பொருளுக்கு நெருங்கி வருகிறது. ஆனால் பித்தம் என்றதும் நம்மவர் தலைசுற்றலையும் சீரகத் தண்ணீரையும் நினைப்பார்கள். எனவே இப்போதைக்குக் கொலஸ்ட்ரால் என்றே எழுதுவோம். சோதனைக்கூடத்தில் வரிசையில் நிற்கும் பாட்டிக்கும் அந்தச் சொல் தெரியும். தனித்தமிழ் வேண்டுவோர் பித்தமெழுகு என எழுதட்டும். கொழுப்பு என்று மட்டும் வேண்டாம்.

பித்தத்தை நினைவூட்டுவதில் ஒரு பயனும் இருக்கிறது. ஓட்ஸ், பார்லி, பயறு, அவரை, வெந்தயம், கொய்யா ஆகியவற்றின் கரையும் நார், குடலில் பித்த அமிலங்களைப் பற்றி மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்தாக வேண்டும். அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அதை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது, அளவு இறங்குகிறது. கிரேக்கர் சொல்லிலிருந்த பித்தம் இங்கே சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடுகிறது.

அந்தத் துண்டறிக்கையின் மூன்றாம் வரியை நான் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: ‘எல்லாச் சமையல் எண்ணெயும் கொழுப்பே, எதுவானாலும் கரண்டியால் அளந்து ஊற்றவும். வனஸ்பதியை விலக்கவும், நெய்யையும் தேங்காய் எண்ணெயையும் குறைக்கவும். நாள்தோறும் ஒருவேளையாவது பயறோ அவரையோ உண்ணவும், நாள்தோறும் நடக்கவும்.’ ஒரு வரி நான்கு வரியாகிவிட்டது; தாளின் பின்பக்கம் வெற்றாகத்தான் இருந்தது.