வெயிலுக்கு மொட்டை வேண்டாம்

சித்திரை வெயில் தொடங்கிய பிறகு என் மிருக வைத்திய மேசைக்கு வந்த மொட்டைப் பொமரேனியன் நாய்களில் இது நாலாவது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து வந்தது. தலையிலும் வால் நுனியிலும் கொஞ்சம் மயிர். மற்ற இடமெல்லாம் குடுமி விட்டு உரித்த தேங்காய் மாதிரி. முதுகு சிவந்து கிடந்தது. வயிற்றோரம் மெசின் அலகு சுட்ட தடம் இரண்டு.

"வெக்கை தாங்கேலாமல் இளைச்சுக்கொண்டே கிடந்தவன் டொக்டர். பாவமெண்டு தம்பியின்ர தாடி வழிக்கிற மெசினால வழிச்சு விட்டனாங்கள்" என்றார் அந்த அம்மா.

அன்பினால் செய்த வேலை. அதனால்தான் ஏசவும் முடியவில்லை. அந்த மெசின் ஐந்து பத்து நிமிடம் தொடர்ந்து ஓடினால் அலகு சூடேறும் என்பதை மட்டும் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்துத்தான் அது சூட்டை வெளியே தள்ளுகிறது. சட்டையைக் கழற்றினால் காற்றுப் பட்டுக் குளிரும் என்பது வியர்க்கிற எங்கள் உடம்பின் கணக்கு, நாயிடம் செல்லாது. பொமரேனியன், ஜேர்மன் ஷெப்பேர்ட், லாப்ரடோர் போன்றவற்றுக்கு மயிர் இரண்டு அடுக்கு. அடியில் பஞ்சு போல ஒன்று, மேலே நீண்ட முரட்டு மயிர். அந்த மேலடுக்குத்தான் வெயில் நேரே தோலில் விழாமல் மறிப்பது. தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீட்டில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். உள்ளே வெக்கையாக இருக்கிறதென்று யாராவது கூரையைப் பிரிப்பார்களா?

கிடுகையாவது திரும்ப வேயலாம். பொமரேனியனை ஒட்ட வழித்தால் மயிர் வர மாதக்கணக்காகும். சிலதுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும்; சிலதுக்குத் திட்டுத் திட்டாக வரும், பழையபடி வராமலே போவதும் உண்டு. "மொட்டையடிச்சால் அடர்த்தியா வளரும்" என்பது குழந்தைகளுக்கே பொய். நாய்க்கும் அதையேதான் சொல்கிறார்கள்.

ஷிட்சு, பூடில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வெட்டாமல் விட்டுவிடாதீர்கள். அவற்றின் மயிர் வளர்ந்துகொண்டே போகும், வெட்டத்தான் வேண்டும். ஆனால் தோல் தெரிய அல்ல.

வெக்கைக்கு என்ன செய்வது? சீப்பால் வாருங்கள். கழன்று உள்ளே அடைந்து கிடக்கும் பஞ்சு மயிரை வாரி எடுத்தாலே காற்றோட்டம் வந்துவிடும். மேலால் தடவுகிற வாரல் இல்லை, சீப்பு அடிமயிர் வரை போக வேண்டும். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். மத்தியானம் தார் ரோட்டில் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இளைப்பு அடங்காமல் தள்ளாடினால் தண்ணீரை ஊற்றி, விசிறியபடி உடனே கொண்டு வாருங்கள்.

கிணற்றடிக்குக் கொண்டுபோக முதலே சடையைப் பிரித்துவிடுங்கள், நனைந்தால் இன்னும் இறுகும். உங்கள் சவர்க்காரம் உங்களுக்கு. எங்கள் கிணறுகளில் சுண்ணக்கல் தண்ணீர். சவர்க்காரம் லேசில் கழுவுப்படாமல் தோலில் காய்ந்துவிடும், பிறகு "சொறியுது டொக்டர்" என்று வருவீர்கள். காதுக்குள் பஞ்சுக்குச்சி விட வேண்டாம். கறுப்பு நகத்தில் இரத்தக்குழாய் வெளியே தெரியாது, நுனியை மட்டும் கொஞ்சங் கொஞ்சமாக வெட்டுங்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுகிறவர்களோடு தனியாகச் சண்டை இருக்கிறது. இப்போதைக்கு ஒன்று: அது தோலை எரிக்கும், நாய் நக்கும். நீங்கள் தேடுகிற உண்ணிகளில் பெரும்பங்கு நாயில் இல்லை, சுவர் வெடிப்புக்குள் இருக்கிறது.

இன்னுமொன்று, கத்தரிக்கோல். காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் சடை பிடிக்கும்போது தோலும் சேர்ந்தே மேலே இழுபட்டிருக்கும். மயிரென்று நினைத்து வெட்டுவீர்கள், தோல் பிளக்கும். அந்தக் கிழிசலைத் தைத்துத் தைத்து எனக்குக் கை சலித்துவிட்டது. விரலால் பிரிக்க முடியாத சடையென்றால் அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். ஏச மாட்டேன்.