போக எட்டு மணி, வர ஏழு மணி

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,550 கி.மீ. லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் பிடிக்கிறது; திரும்பி வர ஏழு மணி நேரம்கூட ஆவதில்லை. இரண்டு ஊர்களின் கடிகார வித்தியாசத்தைக் கழித்த பிறகு வரும் கணக்கு இது.

ஏன் என்று கேட்டால், "பூமி சுழல்கிறதே" என்று சட்டென்று பதில் வரும். கொஞ்சம் யோசித்தால் அந்தப் பதில் காலை வாரிவிடும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அந்தரத்தில் நிற்கும் விமானத்தை நோக்கி நியூயார்க் நகர்ந்து வருகிறது என்றால், மேற்கே போகும் பயணம்தானே சுருங்க வேண்டும்? நடப்பதோ நேர்மாறு. ஓடும் ரயிலுக்குள் துள்ளிக் குதித்தாலும் அதே இடத்தில்தான் விழுகிறோம். அதுபோல, காற்றும் அதில் மிதக்கும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன.

விளையாடுவது ஜெட் காற்று; வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் காற்று அது. வெப்பப் பகுதியின் காற்று விரிந்து உயர்ந்து நிற்கும். துருவக் காற்று சுருங்கித் தாழ்ந்திருக்கும். எனவே 10 கி.மீ. உயரத்தில் தெற்கே அழுத்தம் அதிகம், வடக்கே குறைவு. வடக்கு நோக்கித் தள்ளப்படும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம் திருப்ப, அது கிழக்கு நோக்கிய ஆறாக ஓடுகிறது. சுழற்சியைக் காரணம் சொன்னவர் பாதி தப்பித்துவிட்டார்! குளிர்காலத்தில் வெப்ப வேறுபாடு கூடுவதால் இந்த ஆறும் வேகம் கூட்டிக்கொள்கிறது.

ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஊயிஷி 1920களிலேயே பலூன் பறக்கவிட்டு இதை அளந்துவிட்டார். உலகமே படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அறிக்கை எழுதினார். பாவம், அதனாலேயே பெரும்பாலோர் படிக்கவில்லை. 1944இல் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் அந்தக் காற்றில் சிக்கித் திணறினார்கள்.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் இந்தக் காற்றை முடுக்கிவிட்டபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 1,300 கி.மீ. தரைமட்டத்தில் ஒலியின் வேகமே 1,225 கி.மீ.தான். ஆனாலும் ஒலித்தடை உடையவில்லை. சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போடுவோம். விமானத்தின் வேகம் 900 கி.மீ., காற்றின் வேகம் 150 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், போக 7 மணி 24 நிமிடம், வர 5 மணி 17 நிமிடம். மொத்தம் 12 மணி 41 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 20 நிமிடம்தான். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் 21 நிமிடம் நட்டம்.

அதனால்தான் மேற்கே போகும் விமானங்கள் ஜெட் காற்றுக்கு ஒதுங்கி, சில நாள்களில் வெகுவாகச் சுற்றிப் போகின்றன. கிலோமீட்டர் கூடினாலும் எரிபொருள் மிஞ்சும். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக், கனடாவின் கேண்டர் ஆகிய இடங்களிலுள்ள கட்டுப்பாட்டு மையங்கள் அட்லாண்டிக் வான்பாதைகளை அன்றாடம் புதிதாக வகுக்கின்றன. நேற்றுப் போன பாதை இன்று இருக்காது.