மீன் பெட்டிக்குள் நாயை அடைக்காதீர்கள்

இந்தக் கத்திரி வெயிலில் சூடு தாக்கி என்னிடம் வந்த நாய்களில் இது மூன்றாவது. போன செவ்வாய் மதியம் மூன்றரை மணிக்கு ஆட்டோவில் ஒரு லாப்ரடார் வந்து இறங்கியது. இறங்கியது என்று சொல்வதே தப்பு. இரண்டு பேர் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்து மேசையில் போட்டார்கள். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. எச்சில் பசை மாதிரி நூல் நூலாக இழுத்தது. மலவாயில் வைத்த வெப்பமானி 107.8 காட்டியது. நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைதான்.

"வெயில்லயே விடல டாக்டரம்மா. அதுக்குன்னு தனியா வீடே கட்டியிருக்கோம். நாலு பக்கமும் தெர்மாகோல் வெச்சு" என்றார் நாயை வளர்க்கும் ஐயா. பதற்றத்துக்கு நடுவிலும் அந்த வீட்டைப் பற்றிய பெருமை குரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மகன் கனடாவிலிருந்து வீடியோ அனுப்ப, அதைப் பார்த்து உள்ளூர் ஆசாரி செய்து கொடுத்த வீடாம்.

நாய் பிழைத்துவிட்டது. மூன்று நாள் டிரிப்ஸ், ரத்தக் கழிச்சல், சிறுநீரகம் என்ன ஆகுமோ என்ற பயம், எல்லாம் தாண்டி. இதற்கு முன் வந்த இரண்டும் பிழைக்கவில்லை. அந்த இரண்டும் இதே மாதிரி 'வசதியான' வீடுகளிலிருந்து வந்தவைதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாயைத் திருப்பிக் கொண்டுபோய் விடும் நாளில், நானும் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். கடலூரில், கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. மாலை நான்கு மணிக்குக் கடல்காற்று நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது. ஆனால் நாய் வீட்டின் வாசல் மேற்கே பார்த்து இருந்தது. கேட்டில் யார் வந்தாலும் நாய் பார்க்க வேண்டுமாம். வாசலில் கனமான பிளாஸ்டிக் திரை. சுவர் முழுக்க இரண்டு அங்குல தெர்மாகோல், அதன்மேல் பிளைவுட். கூரை? வெறும் தகரம். சுவருக்கே பணம் தீர்ந்துவிட்டது என்றார். வெளியே மரநிழலில் 36 டிகிரி செல்சியஸ் காட்டிய என் அறை வெப்பமானியை உள்ளே வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தேன். 43. நாய் உள்ளே இல்லாமலேயே 43.

"தெர்மாகோல் வெச்சா கூலா இருக்கும்னுதானே..." என்று இழுத்தார். "முதுநகர் ஹார்பர்ல பாருங்க, மீன் பெட்டியில ஐஸ் ஒரு நாள் பூரா கரையாம இருக்குதே."

இந்த மீன் பெட்டிக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தயவுசெய்து இதை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மீன் பெட்டி குளிர்வது தெர்மாகோலால் அல்ல, உள்ளே கொட்டிய ஐஸால். தெர்மாகோல் எதையும் குளிரவைக்காது. உள்ளே இருக்கும் சூட்டை உள்ளேயும் வெளியே இருக்கும் சூட்டை வெளியேயும் நிறுத்திவைக்கப் பார்க்கும், அவ்வளவுதான். ஃப்ளாஸ்க்கில் காபி ஊற்றினால் ஏன் ஆறுவதில்லை? அதே கதைதான். உங்கள் நாய் ஐஸ் கட்டி அல்ல. இருபத்து நான்கு மணி நேரமும் 101 டிகிரியில் எரிந்துகொண்டிருக்கும் ஓர் அடுப்பு. அந்த அடுப்பைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துத் திரையையும் தொங்கவிட்டால், அது விடும் சூடும் மூச்சின் ஈரமும் எங்கே போகும்? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் அதற்கு வழி. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த வழியே பாதி அடைபட்டுக் கிடக்கிறது. மீதியையும் நாம் அடைத்துவிடுகிறோம்.

கனடா வீடியோவில் தப்பே இல்லை. பனி கொட்டும் ஊரில் நாய் வீட்டைச் சின்னதாக, இறுக்கமாகக் கட்டச் சொல்வார்கள். நாயின் உடம்புச் சூட்டிலேயே உள்ளே கதகதப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதை அப்படியே கடலூருக்குக் கொண்டுவந்ததுதான் தப்பு. (பனி ஊர் நாயான ஹஸ்கியை இங்கே வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. அது தனிக் கட்டுரை. கோபம் ஆறட்டும்.)

சரி, இங்கே என்ன செய்யலாம்? செலவழிக்க நினைக்கும் காசில் பெரும்பங்கைக் கூரைக்குப் போடுங்கள். தகரமோ சிமெண்ட் ஷீட்டோ இருந்தால் அதன்மேல் சவுக்குக் கழிகளைக் குறுக்கே போட்டு, ஒரு சாண் இடைவெளி விட்டு, மேலே தென்னங்கீற்று வேயுங்கள். அந்தச் சாண் இடைவெளியின் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். காற்று ஓடுவதற்குத்தான் அதை விடுகிறோம். கீற்று வேண்டாம் என்றால் பங்குனியிலேயே கூரைக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். தெர்மாகோல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கூரையின் அடியில் வையுங்கள், கீழே பிளைவுட் போட்டு மூடுங்கள். மூடாவிட்டால் நாய் தின்னும். நாயின் குடலிலிருந்து தெர்மாகோலை வெட்டி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. இரண்டாவது முறை வேண்டாம்.

மேற்குச் சுவர் மட்டும் முழுதாக அடைத்திருந்தால் போதும். கிழக்கும் தெற்கும் கம்பியோ சட்டமோ வைத்துத் திறந்திருக்கட்டும். மதியத்துக்கு மேல் கடல்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். பெரியவர்களுக்கு இது தெரியும். வீட்டுத் திண்ணையை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று பார்த்தாலே போதும்.

ஐப்பசி பிறந்ததும் கதை மாறும். மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அப்போது கிழக்குக்கும் வடக்குக்கும் தார்பாய் சுருட்டி இறக்கிக்கொள்ளலாம். கூரைக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டுக் கட்டுங்கள். நம் மார்கழிக் குளிர் வளர்ந்த நாயை ஒன்றும் செய்யாது, ஈரம்தான் செய்யும். தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் பலகை போடுங்கள். நனைந்த சாக்கை அன்றன்றே எடுத்துவிடுங்கள். சாக்கில் பூஞ்சை, தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் என்று மழைக்காலத்தில் எனக்கு வேறு வேலையே இருக்காது. பிறந்து இரண்டு மூன்று வாரம்கூட ஆகாத குட்டிகள் இருந்தால் கணக்கே வேறு. அவற்றால் தங்கள் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. தாயோடு சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

பலகை இடுக்கு, சுவர் வெடிப்பு எல்லாவற்றையும் பூசிவிடுங்கள். உண்ணி முட்டையிடுவது நாயின்மேல் அல்ல, அந்த இடுக்குகளில்தான். நாய்க்கு மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால் அடுத்த மாதம் மறுபடி என்னிடம்தான் வருவீர்கள்.

அப்புறம், சூடு தாக்கி நாய் மயங்கிக் கிடந்தால். இளநீரோ மோரோ வாயில் ஊற்றாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். நினைவில்லாத நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரையும் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் அல்ல. அந்த மாத்திரை இதைக் குறைக்காது, நாய்க்குக் கெடுதலும் செய்யும். நிழலுக்கு இழுத்துப் போட்டு, வயிறு, தொடை இடுக்கு, கழுத்து எல்லாம் நனையும்படி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அதுவே போர்வையாகிவிடும். முக்கியமாக, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். மே மாத மதியத்தில் அது கொதிநீர். குடிதண்ணீர் கேன் இருந்தால் அதைக் கவிழ்த்துவிடுங்கள். நாயின் உடம்பு நனைந்த பிறகு ஆட்டோ கூப்பிடுங்கள். முதலில் ஆட்டோ, பிறகு தண்ணீர் என்றால் வழியிலேயே போய்விடும்.

அந்த ஐயா கிழக்குச் சுவரை அன்றே பெயர்க்கச் சொல்லிவிட்டார். கீற்றும் வந்துவிட்டது என்று போன் செய்தார். தீபாவளிக்கு ராக்கெட் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். விழுந்தால் கீற்றுக்கூரை நொடியில் பற்றிக்கொள்ளும். சிரித்துவிட்டு, "புயலுக்குத் தாங்குமா டாக்டரம்மா?" என்று கேட்டார். தாங்காது. 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்தபோது இந்த ஊரில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, நாய் வீடு எம்மாத்திரம்? துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், சங்கிலியைக் கழற்றி நாயை உள்ளே கூட்டிவந்து கூடத்தில் படுக்கவிடுங்கள் என்று சொன்னேன். "வீட்டுக்காரி ஒத்துக்கணுமே" என்றார். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, அந்த வேலையையும் நானே முடித்துவிட்டேன்.