உராய்வைக் கடைசியாக எழுதுங்கள்

நுழைவுத் தேர்வில் விசை, இயக்கக் கணக்குகள் தப்பிப்போவது பெரும்பாலும் சூத்திரம் தெரியாததால் அல்ல. உராய்வுக் குணகம் (இரு பரப்புகளுக்கு இடையே உராய்வு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்) என்ற சொல்லைக் கேள்வியில் பார்த்ததுமே அதை எடையால் பெருக்கி ஓரத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள் இருக்கலாம். தரை பொருளை மேல்நோக்கித் தாங்கும் செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று நினைப்பது ஒன்று. உராய்வு எப்போதும் உச்ச அளவில்தான் இருக்கும் என்று நினைப்பது மற்றொன்று.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். சமதளத் தரையில் 5 கிலோ கட்டை. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3. கயிறு கட்டி, கிடைமட்டத்துக்கு மேலே 37 டிகிரி சாய்வில் 20 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி²; 37 டிகிரிக்கு சைன் 0.6, கொசைன் 0.8 என்று கொள்வோம். கட்டை நகருமா?

அவசரத்தில் போட்டால்: எடை 50, அதை 0.4 ஆல் பெருக்கினால் 20. இழுவிசையின் கிடைமட்டக் கூறு 16 தான். ஆகவே நகராது, முடுக்கம் சுழி. தவறான விடை, ஆனால் பார்ப்பதற்குச் சரியாகவே தெரியும்.

கட்டையை மட்டும் தனியாக வரையுங்கள். எடை கீழே, தரை தரும் செங்குத்து விசை மேலே, கயிற்றின் இழுவிசை சாய்வாக. உராய்வுக்கு அம்புக்குறி மட்டும் போடுங்கள். அளவு எழுத வேண்டாம். முதலில் செங்குத்துத் திசையைச் சரிபாருங்கள். இழுவிசையின் மேல்நோக்கிய கூறு 12 நியூட்டன். அவ்வளவு எடையைக் கயிறே தாங்கிவிடுவதால் தரை தாங்குவது 38 மட்டும். உராய்வின் உச்ச வரம்பு 0.4 × 38 = 15.2. கிடைமட்டக் கூறான 16 அதைத் தாண்டிவிட்டது. கட்டை நகரும். நகரத் தொடங்கியபின் இயக்க உராய்வு 0.3 × 38 = 11.4. மிச்சம் 4.6 நியூட்டன், முடுக்கம் 0.92 மீ/வி².

அதே 20 நியூட்டனை அதே சாய்வில் கீழ்நோக்கித் தள்ளிப் பாருங்கள். செங்குத்து விசை 62, வரம்பு 24.8. கிடைமட்டக் கூறு அதே 16 என்பதால் கட்டை அசையாது. இப்போது உராய்வு எவ்வளவு? 24.8 என்று எழுதுபவர்கள்தான் அதிகம். சரியான விடை 16. உராய்வால் 24.8 வரை தர முடியும். இங்கே தேவைப்படுவது 16 தான். 24.8 என்றே வைத்துக்கொண்டால், தள்ளிய திசைக்கு எதிராகக் கட்டை ஓட வேண்டியிருக்கும்!

உராய்வின் திசையிலும் இதே அவசரம்தான். உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்று மனப்பாடம் செய்வது அரைகுறைப் பாடம். அது எதிர்ப்பது தொடும் பரப்புகளுக்கு இடையிலான வழுக்கலை. வழவழப்பான தரையில் 3 கிலோ கட்டை, அதன்மேல் 2 கிலோ கட்டை, இடையில் குணகம் 0.2. கீழ்க்கட்டையை 8 நியூட்டனால் இழுத்தால் இரண்டும் சேர்ந்தே 1.6 மீ/வி² முடுக்கத்தில் போகும். மேல்கட்டையை முன்னே கொண்டுபோவதே உராய்வுதான்: 3.2 நியூட்டன், வரம்பான 4 ஐத் தொடவில்லை. இழுவிசை 10 ஐத் தாண்டினால்தான் மேல்கட்டை பின்தங்கும்.

கப்பிக் கணக்கில் இழுவிசையைத் தொங்கும் எடைக்குச் சமமாக்குவதும் இந்த வகைத் தவறே. உராய்வற்ற, நிறையற்ற கப்பியில் 3 கிலோவும் 2 கிலோவும் தொங்கினால் முடுக்கம் 2 மீ/வி², இழுவிசை 24 நியூட்டன். இரு எடைகளான 20க்கும் 30க்கும் இடையில் விடை விழாவிட்டால் எங்கோ குறி மாறியிருக்கிறது. சாய்தளத்தில் சைனா, கொசைனா என்று குழம்பினால் கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள். தளம் படுத்துவிட்டால் எடையின் சரிவுத்திசைக் கூறு மறைய வேண்டும். அப்படி மறைவது சைன்தான்.