சத்தம் வலது சக்கரத்தில், தேய்மானம் இடது சக்கரத்தில்

மழை தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மியான்மரில் தான்லியினிலிருந்து யாங்கோனுக்கு டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் தன் டொயோட்டா புரோபாக்ஸ் காரை என் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினார். "தம்பி, போன வாரம்தான் வேற இடத்துல வலது முன்சக்கரத்துக்கு பிரேக் பேட் மாத்தினேன். கிறீச்சுன்னு வந்த சத்தம் போயிடுச்சு. ஆனா இப்ப பிரேக் மிதிச்சா வண்டி வலப்பக்கமா இழுக்குது" என்றார்.

"இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாங்களா அண்ணே?"

"அதுல சத்தமே இல்லையேப்பா, அதை எதுக்குக் கழற்றணும்?"

கழற்றினேன். சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டுதான் டிஸ்க், அதை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அழுத்திப் பிடிப்பவை இரண்டு பேடுகள். வெளிப்பக்கத்து பேடில் எட்டு மில்லிமீட்டர் இருந்தது, நல்ல நிலைமை. அதே சக்கரத்தின் உள்பக்கத்து பேடில் ஒரு மில்லிமீட்டர் கூடத் தேறாது. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் பேடின் இரும்புத் தகடே டிஸ்க்கை அறுக்கத் தொடங்கியிருக்கும். அப்படி ஒரு வண்டியில் அவர் தினமும் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

எந்த பேடை மாற்றவேண்டும் என்பதைச் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். பேடில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேயும்போது அது டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிடும். எல்லா பேடிலும் அது இருக்காது. பல செட்டுகளில் ஒரு பக்கத்துக்கு ஒரு பேடில்தான் இருக்கும், மலிவான செட்டுகள் சிலவற்றில் அதுவும் இருக்காது. அண்ணன் வண்டியில் வலது சக்கரத்தில் ஒரு கம்பெனி பேட், இடது சக்கரத்தில் வேறு கம்பெனி பேட். நாக்கு இருந்த பக்கம் கூப்பாடு போட்டது, இல்லாத பக்கம் வாய் திறக்காமல் தேய்ந்துகொண்டே இருந்தது.

இந்த ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1970ல் சாலையின் வலப்பக்கமாக ஓட்டும் முறைக்கு நாடு மாறியது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்து இங்கே ஓடும் வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஆக, டிரைவர் சாலை ஓரத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால், வலது சக்கரத்துச் சத்தம் ஓரத்தில் நிற்கும் வண்டிகளிலும் சுவரிலும் பட்டு நேராகக் காதுக்கு வரும். இடது சக்கரத்துச் சத்தம் சாலை நடுவே கரைந்துபோகும். என்னிடம் "முன்னால வலது பக்கம்தான்" என்று அடித்துச் சொல்லி வருகிறவர்கள் அதிகம். கழற்றிப் பார்த்தால் பல நேரம் கதை வேறு.

சரி, எப்படிப் பார்ப்பது? சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்தால் வெளிப்பக்கத்து பேடின் ஓரம் தெரியும். நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டு "இன்னும் இருக்கு" என்று கிளம்பிவிடுகிறார்கள். பேடின் பின்னால் இருக்கும் இரும்புத் தகடே ஐந்தாறு மில்லிமீட்டர் கனம். அதையும் சேர்த்து அளந்தால் இல்லாதது இருப்பதுபோலத் தெரியும். பிரேக் பிடிப்பது தகடுமேல் ஒட்டியிருக்கும் பொருள்தான், அதை மட்டும் அளக்கவேண்டும். புதிதாக இருக்கும்போது பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மூன்றுக்கு வந்துவிட்டால் நான் மாற்றச் சொல்லிவிடுவேன்.

உள்பக்கத்து பேடைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றியே ஆகவேண்டும். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்விதான் கேலிப்பர். நம் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது நகரும் கேலிப்பர். அதில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் வெளியே வரும் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். மிதித்தால் பிஸ்டன் உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் கேலிப்பர் இரண்டு பின்கள்மேல் சறுக்கி உள்ளே வந்து, வெளி பேடையும் இழுத்துச் சேர்க்கும். அந்தப் பின்களின் ரப்பர் உறை கிழிந்து, மழைத்தண்ணீர் புகுந்து, துருப்பிடித்து இறுகிவிட்டால் கேலிப்பர் சறுக்காது. உள் பேட் மட்டும் தேயும், வெளி பேட் சும்மா இருக்கும். அண்ணன் வண்டியில் நடந்தது இதுதான். இடது பக்கம் பாதி பலத்தில் பிடிக்க, வலது பக்கம் புது பேடோடு முழு பலத்தில் பிடிக்க, வண்டி வலப்பக்கம் இழுத்தது.

அதனால் கழற்றிய நான்கு முன் பேடுகளையும் தரையில் ஒரு பழைய பேப்பர்மேல் வரிசையாக வைத்துப் பார்ப்பேன். இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி. நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் பேட் மாற்றினால் போதும். உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வித்தியாசம் என்றால் முதல் சந்தேகம் பின்கள்மேல். ஒரு சக்கரத்து பேட் இரண்டும் தேய்ந்து, மறுசக்கரத்தில் இரண்டும் நன்றாக இருந்தால் பிஸ்டன் திரும்பி வராமல் சிக்கியிருக்கலாம், அல்லது பிரேக் ஆயில் போகும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே சுருங்கி அழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் புது பேட் மட்டும் போட்டால் அதே பேட் அதே இடத்தில் மறுபடி தேயும். உங்கள் பணம்தான் வீண்.

மாற்றும்போது இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே கம்பெனி செட்டாக. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில் மிச்சம் பிடிக்கும் காசைவிட, மழையில் நனைந்த ரோட்டில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்போது வரும் ஆபத்து பெரிது.

முன்னா, பின்னா? பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னே சாய்வதால் பெரும்பாலான வேலையை முன்சக்கரம்தான் செய்கிறது. பேடும் பொதுவாக அங்கேதான் முதலில் தேயும். பின்சக்கரத்துக்கு பேட் வாங்கக் கிளம்புமுன், உங்கள் வண்டிக்குப் பின்னால் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். புரோபாக்ஸில் பின்னால் டிஸ்க்குக்குப் பதில் டிரம் என்ற உருளை, அதற்குள் உரசிப் பிடிப்பது பேட் அல்ல, ஷூ. ஹோண்டா ஃபிட்டில் சிலவற்றுக்குப் பின்னாலும் டிஸ்க், சிலவற்றுக்கு டிரம்.

பெயரை மட்டும் சொல்லிப் பொருள் வாங்கவும் கூடாது. ஜப்பான் சந்தைக்காகச் செய்த வண்டிகளில் பதினேழு இலக்க அடையாள எண் கிடையாது, எந்த மாடல் என்று சொல்லும் சேசிஸ் குறியீடுதான் இருக்கும். ஒரே புரோபாக்ஸில் என்சிபி50 உண்டு, என்சிபி51 உண்டு, நான்கு சக்கரமும் இழுக்கும் என்சிபி55 உண்டு. பானட்டுக்குள் இருக்கும் தகட்டைப் போனில் படம் எடுத்து, பழைய பேடையும் ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். தகட்டின் வடிவம், அதன் இரு முனையிலும் நீளும் காதுகளின் அகலம், நாக்கு இருக்கும் பக்கம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கொஞ்சம் அகலமான பேடைச் சுத்தியலால் தட்டி நுழைத்ததைப் பார்த்திருக்கிறேன், அது அப்படியே இறுகி நின்றிருந்தது.

வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால் அளவு இறங்குவது இயல்பு. நிரப்பிவிட்டு, புது பேட் நுழைய இடம் விடப் பிஸ்டனைப் பின்னே தள்ளினால் ஆயில் வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். பேட் புதிதாக இருந்தும் அளவு இறங்கினால் அது கசிவு, வண்டியை எடுக்கவே கூடாது. சக்கரத்துக்குள் இருக்கும் கறுப்புத் தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதாதீர்கள். பழைய பேட் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். பின்களுக்கு அதற்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் போடவேண்டும். பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி, பின் மறுபடி இறுகிக்கொள்ளும்.

இரவு மழையில் நின்ற வண்டி காலையில் முதல் நான்கைந்து பிரேக்குக்கு 'கரகர' என்றால் பயப்படவேண்டாம். டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு அது, தானே போய்விடும். போகாவிட்டால்தான் பார்க்கவேண்டும்.

அண்ணன் வண்டிக்கு இடது பின்கள் இரண்டையும் கழற்றித் துரு எடுத்து, ரப்பர் உறை மாற்றி, முன்சக்கரம் இரண்டுக்கும் ஒரே செட் போட்டேன். ஒரு வாரமே ஓடிய வலது பேடை எடுப்பதில் அவருக்கு மனமே இல்லை. பழைய உள் பேடைக் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தடவிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜாக்கியை இறக்கியதும் சாவியைக் கேட்டார். "இருங்கண்ணே" என்று நானே ஏறி உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே பெடலை மிதித்தேன். பின்னே தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொட்டிருக்காது, அதனால் முதல் மிதி தரை வரை போகும். இரண்டாவது பாதியில் நின்றது. நான்காவது மிதியில் பெடல் கல்லுமாதிரி ஆனது. அதன்பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.