செயினுக்குப் பதிலா இரும்புத் தண்டு பின் வீலைச் சுத்தற ஷாஃப்ட் வண்டிக்கு மெயின்டெனன்ஸே கிடையாதுன்னு யாருங்க சொன்னது?

போன வாரம் வேளச்சேரில இருந்து ஒருத்தர் பெரிய அட்வென்ச்சர் பைக் ஒண்ணு கொண்டு வந்தார், பின்னாடி ஏதோ உறுமுது, டயர் சத்தம்னு நினைக்கிறேன்னார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஃபைனல் டிரைவ், அதான் பின் வீல் பக்கத்துல இருக்கற கியர் பெட்டி, அதோட டிரெயின் போல்ட்டைக் கழட்டினா ஆயில் வரல, தண்ணி கலந்து பால் டீ மாதிரி வடியுது. போல்ட் நுனில இருக்கற காந்தத்துல நகம் வெட்டிப் போட்ட மாதிரி இரும்புத் துணுக்கு. கடைசியா எப்ப சார் ஆயில் மாத்துனீங்கன்னு கேட்டா, "ஷாஃப்ட் தானேங்க, அதுக்கென்ன மெயின்டெனன்ஸ்?" இந்த மழைக்கு இது மூணாவது வண்டி. பேரிங், கிரவுன், பினியன்னு உள்ள இருக்கற ரெண்டு கியர், மூணும் போச்சு, அந்த பில்லை அவர் கைல குடுக்கவே எனக்கு மனசு வரல.

செயினைத் துடைக்கற, ஸ்ப்ரே அடிக்கற வேலைதான் இதுல கிடையாது. பின்னாடி அந்த ஹவுசிங்குக்குள்ள ரெண்டு கியர் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே இன்ஜினோட மொத்த இழுவையையும் 90 டிகிரி திருப்பி வீலுக்குக் குடுக்குது, அதுக்குக் காவல் நிறைய வண்டில 200 மில்லி பக்கம் ஆயில், அவ்ளோதான். செயின் தேஞ்சா கண்ணுக்குத் தெரியும், இது உள்ளயே தேயும், சத்தம் வெளில கேக்கும்போது பாதி வேலை முடிஞ்சிருக்கும். பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் வந்த புதுசுல கம்பெனியே இந்த ஆயிலை மாத்தவே வேணாம்னுதான் சொல்லிச்சு, அப்புறம் அவங்களே முதல் சர்வீஸ்லயும் அதுக்கப்புறம் 20,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையும் மாத்தச் சொல்லிட்டாங்க. இன்னும் அந்தப் பழைய பேச்சையே பிடிச்சுக்கிட்டு இருந்தா எப்படிங்க? (ஓசூர்ல தயாரான ஜி 310 ஜிஎஸ் வச்சிருக்கறவங்க குழம்ப வேணாம், அது செயின் வண்டி.)

இந்த ஆயில் மாத்தற வேலையை வீட்லயே அரை மணி நேரத்துல முடிக்கலாம். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, ஆயில் வெதுவெதுப்பா இருக்கும்போது இறக்குங்க. அதுக்கு முன்னாடி மேல இருக்கற, ஆயில் ஊத்தற போல்ட் கழலுதான்னு பாத்துடுங்க, ஆயிலை இறக்கிட்டு மேல போல்ட் கழலாம முழிச்சவங்க நிறைய பேர். காந்தத்துல சாம்பல் கலர்ல வழவழன்னு பேஸ்ட் மாதிரி இருந்தா பயப்படாதீங்க. விரல்ல தேய்ச்சுப் பாருங்க, நெறநெறன்னு தட்டுப்பட்டா ஓட்டறத நிறுத்திட்டு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்க. வாஷர் புதுசா போடுங்க, அலுமினியம் ஹவுசிங்குங்க, முழு பலத்தையும் காட்டி முறுக்காதீங்க, அளவு பாத்து முறுக்கற டார்க் ரெஞ்ச் எடுங்க.

சென்னைல ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜி.பி. ரோட்டுல போய் சும்மா "90 ஆயில்"னு கேக்காதீங்க, உங்க வண்டி மேனுவல்ல இருக்கற கிரேடைப் படிச்சு அதையே கேளுங்க, பெரும்பாலும் ஜிஎல்-5 கியர் ஆயிலா இருக்கும். மிச்சம் இருந்த 50 நம்பர் இன்ஜின் ஆயிலை ஊத்திட்டு 50-ம் 90-ம் சேர்ந்தா சரியாப் போகும்னு ஒருத்தர் சொன்னார், தலை சுத்திடுச்சு. ரெண்டும் வேற வேற அளவுகோல்ங்க, 75டபிள்யூ-90 கியர் ஆயிலோட கெட்டித்தன்மை கிட்டத்தட்ட 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் அளவுதான், ஆனா பல்லைக் காப்பாத்தற மருந்து கியர் ஆயில்லதான் இருக்கு.

அளவு, அளவு, அளவு. மெடிக்கல்ல பெரிய சிரிஞ்ச் வாங்கி அளந்து ஊத்துங்க. கொஞ்சம் எக்ஸ்ட்ரா இருந்தா நல்லதுன்னு ஊத்தினா சூட்டுல பிரஷர் ஏறி ஆயில் சீலைத் தள்ளிக்கிட்டு வரும், வந்து விழறது பின் டயர் மேலயும் பிரேக் டிஸ்க் மேலயும். ஈசிஆர்ல அந்த டயரோட ஒரு வளைவு திரும்பறத நினைச்சுப் பாருங்க.

ஷாஃப்ட் மூட்டை மூடியிருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க. சென்டர் ஸ்டாண்ட்ல வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, டக் டக்குன்னா பேரிங். ஸ்ப்லைனுக்கு, அதாவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகற பல்லுக்கு, மாலி (மாலிப்டினம்) பேஸ்ட்தான், சாதா கிரீஸ் நிக்காது. சில வண்டில டயர் மாத்தும்போதே ஸ்ப்லைன் தெரியும், அப்பவே தடவிடுங்க. வீலை ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிருக்கற சிங்கிள் சைடு ஸ்விங் ஆர்ம்னா ஃபைனல் டிரைவையே இறக்கணும், பழக்கம் இல்லன்னா தொடாதீங்க. வாட்டர் வாஷ்ல அந்தப் பக்கம் கன்னை நேரா பிடிக்க விடாதீங்க.

அப்புறம் இது கெஞ்சியே கேக்கறேன். சூடான வண்டியைத் தேங்கின தண்ணில இறக்கினா உள்ள இருக்கற காத்து சுருங்கி, பிரீதர்ங்கற காத்து ஓட்டை வழியா தண்ணியை உள்ள இழுத்துக்கும். ஆக்சில் வரைக்கும் தண்ணி ஏறின ரோட்ல போயிருந்தா கிலோமீட்டர் கணக்குப் பாக்காம அந்த வாரமே ஆயிலை மாத்துங்க. பேஸ்மென்ட்ல ரெண்டு நாள் தண்ணில நின்ன வண்டியா இருந்தா தயவுசெஞ்சு ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டு வராதீங்க, டெம்போல ஏத்தி அனுப்புங்க.