காரணியா, தூண்டியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலேயே (வீட்டுக் குடியிருப்பிலேயே) வசிக்கும் பெரியம்மா ஒருவர், வாட்சாப்பில் வந்த தமிழ்க் குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கல்லீரல் புற்றுநோய் பற்றியது. பெரியப்பாவுக்கு அந்த நோய்தான். 'குருதிக்குழல் வளர்ச்சிக் காரணி' என்ற இடத்தில் விரலை வைத்து, "இந்தக் காரணியாலதான் அவருக்கு வந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. காரணி என்றால் காரணம்தானே நினைவுக்கு வரும்? ஆங்கிலத்தில் 'ஃபேக்டர்', மலாயில் 'ஃபக்டோர்'. மூலம் லத்தீன், 'செய்' என்ற வினையிலிருந்து பிறந்து, செய்பவர் என்று பொருள்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் வணிக முகவர்களை அந்தப் பெயரால்தான் அழைத்தது. தமிழாக்கியவர்கள் செய்பவரை விட்டுவிட்டுக் காரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கணக்குப் புத்தகத்தில் அது பொருந்தலாம், ஆஸ்பத்திரியில் குழப்பம்தான்.

நான் 'வளர்தூண்டி' என்பேன். 'ஊக்கி' என்றும் சொல்லலாம். ஆனால் ஊக்கத்தில் நல்லெண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அவன்தான் தூண்டிவிட்டான்" என்னும்போது வரும் குறும்பு இங்கே தேவை. முன்பாதிக்கு 'குருதிக்குழல்' போதும். 'நாளம்' வடமொழி வழி வந்தது, புழக்கத்திலும் இருக்கிறது. எனக்கு ஆட்சேபம் இல்லை. 'நரம்பு' மட்டும் வேண்டாம். ஊசி போடுபவர் "நரம்பு கிடைக்கல" என்று கையைத் தட்டினாலும், அவர் தேடுவது சிரையை, அதாவது உறுப்புகளிலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழலை.

சரி, இந்தத் தூண்டி என்ன செய்கிறது? பெரியப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும், அதில் பால்குழல்களும் புதிதாக உண்டாகும் என்பது அவருக்குத் தெரியும். நம் உடம்பிலும் காயம் ஆறும்போது தூண்டி சுரந்து, பக்கத்துக் குழல்களிலிருந்து புதுக் கிளைகளை இழுத்துவரும். ஆறியதும் அடங்கிவிடும். புற்றில்தான் அடங்குவதில்லை. கட்டி பெருக்கப் பெருக்க உள்ளே ஆக்சிஜன் குறைகிறது. மூச்சுமுட்டும் உயிரணுக்கள் தூண்டியை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. புதுக்குழல் இல்லாமல் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். 1983இல் ஹெரால்ட் டுவோராக்கின் ஆய்வுக் குழு குழல்களைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கண்டது. 1989இல் நெப்போலியோனே ஃபெராராவின் ஆய்வுக் குழு குழல்களை வளர்க்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தது. அப்புறம்தான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. அதுதான் இந்தத் தூண்டி.

கல்லீரலில் இது பளிச்சென்று தெரியும். நல்ல ஈரலுக்கு முக்கால் பங்கு இரத்தம் குடலிலிருந்து வரும் சிரை வழியாகவும் கால் பங்கு தமனி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழல்) வழியாகவும் வருகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியையே உறிஞ்சும். அதனால்தான் சாயம் ஏற்றிய சிடி ஸ்கேனில், தமனியில் சாயம் ஓடும் அந்தச் சில நொடிகளில் கட்டி மின்னி, மற்ற ஈரலுக்கு முன்பே மங்கிவிடுகிறது.

நோய்க்குக் காரணம் வேறு: ஹெப்படைடிஸ் பி அல்லது சி, குடி, கொழுப்பு ஈரல் போன்றவை. தூண்டி பிறகு வருவது. அதைத் தடுக்கும் மருந்துகளும் கட்டிக்குப் போகும் வழியை அடைக்கின்றனவே தவிர, வேரைப் பிடுங்குவதில்லை. 2007இல் கல்லீரல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற சொராஃபெனிப் மாத்திரை, ஆய்வில் நோயாளிகளில் பாதிப்பேராவது உயிரோடிருந்த காலத்தை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக்கியது. 2020 முதல் தூண்டியைப் பிடித்துவைக்கும் பெவசிசுமாப்போடு, எதிர்ப்புச் சக்தியை அவிழ்த்துவிடும் அட்டிசோலிசுமாப்பையும் சேர்த்துத் தருகிறார்கள். பலன் அதைவிடக் கூடுதல்.

குறிப்பில் 'காரணி'யைப் பேனாவால் அடித்து மேலே 'தூண்டி' என்று எழுதிக் கொடுத்தேன். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "அப்போ மருந்துக்கு முன்னாடி ஏன் வாய் வழியா ஸ்கோப் விடணும்கிறாங்க?" என்றார். நல்ல குழல்களைப் பழுதுபார்ப்பதும் இதே தூண்டிதான். அதைத் தடுத்தால் இரத்தம் கசியலாம். ஈரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயில் சிரைகள் புடைத்திருக்கும். அவை வெடிக்கும் நிலையில் இருந்தால் முதலில் அவற்றைக் கட்டவேண்டும். "அப்போ வெள்ளிக்கிழமை சாப்பிடாம கூட்டிட்டுப் போகணும்" என்று தாளை மடித்துக்கொண்டு கிளம்பினார்.